கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தை வெட்டாதீர்கள்: கருவிக் கொள்முதல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் நுண்ணோக்கி வாங்க ஒப்புதல் தரும் கொள்முதல் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

லேசரை வைத்துச் செல்லின் ஒரு மெல்லிய தளத்தை மட்டும் படமெடுக்கும் ஒரு கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பின் கொட்டேஷன் உங்கள் மேசைக்கு வரும்போது லேசர், டிடெக்டர், லென்ஸ், கம்ப்யூட்டர் எல்லாம் முன்பக்கங்களில் இருக்கும். கடைசிப் பக்கத்தில் 'ஆக்சசரி' என்ற தலைப்பின் கீழ், படமெடுக்கும்போது செல்லை உயிரோடு வைத்திருக்கும் பொருள்களுக்கு நான்கு வரிகள் இருக்கும்: கருவியைச் சுற்றி மூடும் வெப்பக் கூண்டு, கார்பன் டை ஆக்சைடு கன்ட்ரோலர், ஈரப்பதத்துக்கான தண்ணீர்க் கலன், லென்ஸ் ஹீட்டர். பட்ஜெட் இடிக்கும்போது முதல் கோடு அந்த நான்கு வரிகளின் மேல்தான் விழுகிறது. "கருவி முதலில் வரட்டும், இதையெல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று குழுவில் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நான் வேலை பார்த்த ஒரு மையத்தில் அந்த அடுத்த வருடத்துக்காக ஆறு வருடம் காத்திருந்தோம்.

11 ஆண்டுகளாக நுண்ணோக்கி மையங்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. உயிருள்ள செல்லைப் படமெடுக்க வரும் மாணவர்களுக்குக் கருவியைச் சொல்லிக்கொடுப்பேன், இரவு வேலைக்கு ஏற்பாடு செய்து தருவேன், காலையில் அவர்களோடு உட்கார்ந்து என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பேன். அந்தக் காலை நேரங்களில் பார்த்தவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு காலையைச் சொல்கிறேன். முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் இருந்த ஒரு மாணவி, செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் விலகிப் போவதைப் படமெடுக்க வந்திருந்தார். ஒளிரும் புரதத்தைச் செல்லுக்குள் ஏற்றி, ஒளிரும் செல்களை மட்டும் பிரித்தெடுத்து வளர்க்கவே அவருக்கு ஏழு வாரம் ஆகியிருந்தது. மாலை 7 மணிக்குத் தொடங்கினோம். மூன்று நிமிடத்துக்கு ஒரு படம், 14 மணி நேரம், மொத்தம் 280 படங்கள். காலையில் அவர் போன் செய்தார். "மேடம், செல்லெல்லாம் உருண்டு போச்சு" என்றார். குரல் கம்மியிருந்தது.

போய்ப் பார்த்தேன். முதல் 150 படங்கள் அருமையாக இருந்தன. அதன்பிறகு ஃபோகஸ் மெல்ல மெல்ல விலகி, கடைசியில் சாம்பல் மூட்டம் மட்டும்தான். இரவு 2:40-க்கு மின்சாரம் போயிருக்கிறது. ஜெனரேட்டர் சில விநாடிகளில் பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டருக்கும் கேமராவுக்கும் லேசருக்கும் யு.பி.எஸ். இருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. சூடு தரும் ஹீட்டரின் கன்ட்ரோலர் மட்டும் சுவர்ப் பிளக்கில் இருந்தது. பிறகு வாங்கிய பொருள் அது, அதனால் யு.பி.எஸ். கணக்கில் அது சேரவே இல்லை. மின்சாரம் திரும்பியதும் யாராவது வந்து பட்டனை அழுத்தட்டும் என்று அது அப்படியே நின்றுவிட்டது. யாரும் வரவில்லை. 37 டிகிரியில் இருக்க வேண்டிய செல்கள் விடியும்வரை ஏ.சி. அறையின் 24 டிகிரியில் கிடந்திருக்கின்றன.

இதில் யாரையும் குறை சொல்ல நான் எழுதவில்லை. செல்லுக்கான சூட்டை ஒரு உபரிப் பொருளாக நினைத்ததால் அது மின்சார வரைபடத்திலேயே இடம்பெறாமல் போனது. அந்த நினைப்பை உங்கள் குழுவால் மாற்ற முடியும்.

1907-இல் அமெரிக்க உயிரியலாளர் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புச் செல்லிலிருந்து இழை நீண்டு வளர்வதைக் கண்ணாடித் தகட்டில் தொங்கிய ஒரு துளி நிணநீருக்குள் பார்த்தார். உயிருள்ள திசுவை உடலுக்கு வெளியே வைத்துப் பார்க்கும் வேலை அங்கேதான் தொடங்கியது என்று சொல்லலாம். தவளைக்கு அறையின் சூடே போதும். நாம் இன்று பார்ப்பது பெரும்பாலும் மனிதச் செல், எலிச் செல். அவை 37 டிகிரிக்குப் பழகியவை. (எல்லா உயிருக்கும் இந்த எண் பொருந்தாது. வரிக்குதிரை மீனுக்கு 28.5, ஈஸ்ட்டுக்கு 30, பழ ஈக்கு 25. சி. எலிகன்ஸ் புழுவுக்கோ 20 டிகிரி வேண்டும். சென்னையில் அந்தப் புழுவைப் படமெடுக்க ஹீட்டர் உதவாது, குளிரூட்டியைத்தான் கேட்க வேண்டும்.)

சூடு இரண்டு டிகிரி ஏறினால், மூன்று டிகிரி இறங்கினால் என்ன ஆகிவிடும் என்று ஒரு கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1960-களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈயின் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கூட வேலை செய்தவர் ஒருவர் இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டி வைத்துவிட்டார். ரிட்டோசா பார்த்தபோது, வழக்கமாக இல்லாத இடங்களில் குரோமோசோம்கள் புடைத்திருந்தன. அந்த இடங்களில் புதிய மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கியிருந்தன. 1962-இல் அதை வெளியிட்டார். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று இன்று பாடப்புத்தகத்தில் படிக்கும் முழுத் துறையும் அங்கிருந்து வந்தது. ரிட்டோசா கவனித்ததால் அது கண்டுபிடிப்பு ஆனது. சூடு மாறியதே தெரியாத ஒரு மாணவருக்கு அதே புடைப்பு தான் போட்ட மருந்தின் விளைவாகத் தோன்றும்.

சூடு இறங்குவதும் அப்படித்தான். செல்லுக்குள் சாரம் கட்டியதுபோல் நிற்கும் மைக்ரோடியூப் இழைகள் பனிக்கட்டியில் வைத்தால் பெரும்பாலும் கலைந்துவிடும். 33, 34 டிகிரியில் அவை கலையாது. ஆனால் வளரும் வேகம் குறையும், பொருள்களை ஏற்றிச் செல்லும் வேகம் குறையும், ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய செல் பிரிவு இழுத்துக்கொண்டே போகும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இந்த 33 டிகிரிதான். அந்த மாணவியின் செல்கள் செத்ததால் எங்களுக்கு உடனே தெரிந்தது. படத்தை எறிந்துவிட்டு மறுபடி தொடங்கினோம். 33 டிகிரியில் இருக்கும் செல் சாவதில்லை. நகர்கிறது, பிரிகிறது, அழகாக ஒளிர்கிறது. அதிலிருந்து வேகத்தை அளந்து வரைபடம் போடுவோம், ஆய்வேட்டில் சேர்ப்போம், கட்டுரையாகவும் வெளிவரும். 'படங்கள் 37 டிகிரியில் எடுக்கப்பட்டன' என்று செய்முறைப் பகுதியில் எழுதியிருப்போம், ஏனென்றால் கன்ட்ரோலரின் திரையில் 37.0 என்றுதான் இருந்தது.

திரையில் இருப்பது கன்ட்ரோலரின் சென்சார் இருக்கும் இடத்தின் சூடு. செல் இருக்கும் இடம் வேறு. நுண்ணிய படம் எடுக்கும் லென்ஸ்கள் செல் ஒட்டியிருக்கும் கண்ணாடியை ஒரு சொட்டு எண்ணெய் வழியாகத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கண்ணாடியின் தடிமன் 0.17 மில்லிமீட்டர். அதற்குக் கீழே உள்ளங்கை கொள்ளும் அளவுக்கு ஒரு உலோகக் கட்டி, அதுவும் குளிர்ந்த மைக்ரோஸ்கோப்போடு இணைந்த கட்டி. சரியாக எந்தச் செல்லை நாம் பார்க்கிறோமோ அந்தச் செல்லிலிருந்து சூட்டை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சூட்டை அளக்கும், முடிபோல் மெல்லிய தெர்மோகப்பிள் கம்பி ஒன்றைச் செல் இருக்கும் டிஷ்ஷுக்குள் விட்டு முதன்முதலில் அளந்தபோது எனக்குக் கிடைத்தது 33.4. திரை 37.0 காட்டிக்கொண்டிருந்தது. லென்ஸ் ஹீட்டரைக் கட்டிச் சரிசெய்த பிறகுதான் இரண்டும் நெருங்கி வந்தன. அந்த லென்ஸ் ஹீட்டர்தான் கடைசிப் பக்கத்தில் அடிக்கப்படும் நான்கு வரிகளில் ஒன்று.

அடுத்து ஃபோகஸ். உலோகம் சூட்டில் விரியும் என்பது எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் நீள அலுமினியத் துண்டு ஒரு டிகிரி சூடேறினால் 2.3 மைக்ரான் நீளும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கன்ஃபோகலில் நல்ல லென்ஸ் வைத்துப் பார்க்கும் ஒரு தளத்தின் ஆழம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஆக, ஒரு டிகிரி மாறினாலே பார்த்துக்கொண்டிருந்த தளம் கையைவிட்டுப் போய்விடும். ஒருமுறை ஒரு படத்தொகுப்பில் ஃபோகஸ் கால் மணிக்கு ஒருமுறை சீராக ஏறி இறங்கியது. டிஷ்ஷை வைக்கும் ஸ்டேஜ் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் அதைக் கழற்றிப் பார்த்தோம். கடைசியில், சுவரில் இருந்த ஸ்பிளிட் ஏ.சி.யின் கம்ப்ரசர் ஓடுவதும் நிற்பதும் அதே கால் மணிக் கணக்கு என்று தெரிந்தது. காற்று நேராகக் கருவியின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. ஏ.சி.யை இடம் மாற்ற ஒரு நாள் வேலைதான். அறையைக் கட்டும்போதே கேட்டிருந்தால் அதுவும் மிச்சம்.

"ஃபோகஸைத் தானே பிடித்துவைக்கும் வசதிக்குத்தான் ஏற்கெனவே பணம் கொடுத்திருக்கிறோமே" என்று நீங்கள் கேட்கலாம். அது நல்ல வசதி. அகச்சிவப்பு ஒளியைக் கண்ணாடியின் பரப்பில் பட்டுத் திரும்பச் செய்து, லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரத்தைச் சரியாக வைத்திருக்கும். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது தூரத்தைத்தான் காக்கும், செல்லின் சூட்டைக் காக்காது. குளிர்ந்துபோன செல்லை இரவு முழுவதும் தெளிவான ஃபோகஸில் படமெடுத்துத் தரும், அவ்வளவுதான்.

கார்பன் டை ஆக்சைடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல் வளர்க்கும் திரவத்தில் பைகார்பனேட் இருக்கிறது. சுற்றிலும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருந்தால்தான் அதன் பி.எச். 7.4-ஐ ஒட்டி நிற்கும். வெளிக்காற்றில் இந்த வாயு 0.04 சதவீதம்தான் இருக்கிறது. மூடியைத் திறந்து வைத்தால் திரவம் காரமாகிக்கொண்டே போகும். மீடியம் என்று நாங்கள் சொல்லும் இந்தத் திரவத்தில் சாதாரணமாக ஃபீனால் ரெட் என்ற சாயம் இருப்பதால் ஆரஞ்சுச் சிவப்பு மாறி ரோஸ் நிறமாகி நம்மை எச்சரிக்கும். ஆனால் அந்தச் சாயம் ஒளிர்வுப் படத்தில் பின்னணியைக் கலங்கடிக்கும் என்பதால் நாங்கள் சாயம் இல்லாத மீடியத்தைத்தான் படமெடுக்கப் பயன்படுத்துகிறோம். எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது இருக்காது. பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் ஹெப்பஸ் பஃபர் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துச் சமாளிக்கலாமே என்று அனுபவமுள்ள பேராசிரியர்கள் கேட்பார்கள். ஓரிரு மணி நேரத்துக்குச் சமாளிக்கலாம். இரவு முழுவதற்கும் அது பதிலாகாது. போதாததற்கு, மீடியத்தில் உள்ள ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமினோடு சேர்ந்து நீல ஒளி பட்டால் செல்லுக்கு நஞ்சான ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகவும் அது இடம் கொடுக்கும்.

சிலிண்டரைப் பற்றி ஒரு விஷயம். இதைத் தெரிந்துகொள்ள நானே பல இரவுகளை இழந்திருக்கிறேன். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் பாதி திரவமாக இருக்கும். ஏ.சி. அறையில் அதன் அழுத்தம் சுமார் 60 பார். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தம் காட்டும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். கேஸ் சிலிண்டர் நிரம்பியிருப்பதுபோல் காட்டிக்கொண்டே இருந்து, திரவம் தீர்ந்ததும் மளமளவென்று இறங்கிவிடும். அது பெரும்பாலும் யாரும் இல்லாத நேரத்தில் நடக்கும். முள்ளைப் பார்த்து அளவைச் சொல்ல முடியாது, எடை போட்டுப் பார்க்க வேண்டும். ஆகவே ஒரு எடை மேடையும், ஒன்று தீர்ந்தால் அடுத்ததுக்குத் தானாக மாறும் ரெகுலேட்டரும் வாங்கிக்கொடுங்கள். அறைக்குள் வாயு கசிந்தால் கத்தும் சென்சார் ஒன்றும் வேண்டும். மூடிய சின்ன அறைகளில்தான் நாங்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஈரப்பதம்தான் எல்லோரும் கடைசியாக நினைப்பது. படமெடுக்கும் சின்னக் குழிகளில் கால் மில்லிலிட்டர் திரவம்தான் இருக்கும். 37 டிகிரியில் உலர்ந்த காற்று அதன் மேல் ஓடினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கிவிடும். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் போனாலே உப்புச் செறிவு 300 மில்லி ஆஸ்மோலிலிருந்து 333-க்கு ஏறிவிடும். செல் சுருங்கத் தொடங்கும்.

இதையெல்லாம் ஐரோப்பாவின் குளிர் நாட்டில் உட்கார்ந்து செய்பவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கலும் நமக்கு இருக்கிறது. மே மாதத்தில் வெளியே 40 டிகிரி, நவம்பரில் சுவரே வியர்க்கிறது. மின்கட்டணத்தை மிச்சப்படுத்த, சனி ஞாயிறுகளில் எல்லா ஆய்வுக்கூட ஏ.சி.களையும் நிறுத்தச் சொல்லி நிர்வாகத்திலிருந்து சுற்றறிக்கை வரும். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஈரக்காற்று வாராவாரம் இப்படி நின்றால் நாளடைவில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலைபோல் படர்ந்து கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும். ஒரு நல்ல எண்ணெய் லென்ஸின் விலை லட்சங்களில். இரண்டு நாள் ஏ.சி.யில் மிச்சமாகும் பணம் அதன் ஓரத்துக்குக்கூட வராது. திங்கள்கிழமை காலை ஏ.சி. போட்டதும் கருவி நிலைக்கு வர அன்று முழுவதும் ஆகும். கூண்டு வைத்த கருவி என்றால் முந்தைய நாள் மாலையே சூடேற்றத் தொடங்க வேண்டும், அப்போதுதான் உலோகம் எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்து அசையாமல் நிற்கும். நுண்ணோக்கி அறைகளை அந்தச் சுற்றறிக்கையிலிருந்து விலக்குங்கள் என்று ஒரு வரி எழுத உங்களால் முடியும்.

இப்போது நான் கேட்பதைச் சொல்கிறேன்.

உயிருள்ள செல்லைப் படமெடுக்கத்தான் கருவி என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தால், இந்த நான்கு பொருள்களையும் 'ஆக்சசரி'யிலிருந்து எடுத்து முதன்மைக் கருவியின் விவரக்குறிப்பில் சேருங்கள். விருப்பத்தேர்வு என்று போட்டால், குறைந்த விலை சொல்பவரே ஜெயிக்கும் டெண்டரில் யாரும் அதை நல்லதாகக் கொடுக்க மாட்டார்கள். சாயம் ஏற்றி நிலைநிறுத்திய ஸ்லைடுகளை மட்டும் பார்க்கும் துறைக்கு இது ஒன்றும் வேண்டாம். அங்கே தாராளமாக வெட்டிவிடுங்கள், அந்தப் பணம் வேறு கூடத்துக்கு உதவும்.

விவரக்குறிப்பில் 'கன்ட்ரோலர் 37 டிகிரி வரை செல்லும்' என்ற வாசகத்தை ஏற்காதீர்கள். டிஷ்ஷுக்குள், எண்ணெய் லென்ஸ் தொட்டுக்கொண்டிருக்கும்போது, படமெடுக்கும் இடத்தில், 16 மணி நேரம் 37 டிகிரியிலிருந்து அரை டிகிரிக்கு மேல் விலகக் கூடாது என்று எழுதுங்கள். கருவியை நிறுவ வரும் பொறியாளர் பிற்பகலில் ஒரு அழகான படம் எடுத்துக் காட்டிவிட்டு, நாம் கையெழுத்துப் போட்டதும் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். அந்தக் கையெழுத்தை ஒரு இரவு தள்ளிப்போடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய ஒளிரும் நுண்மணிகளை இரவெல்லாம் படமெடுத்து, காலையில் அவை எத்தனை மைக்ரான் நகர்ந்திருக்கின்றன, தெர்மோகப்பிள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகு போடுங்கள். நடு இரவில் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துப் போடவும் சொல்லுங்கள். ஹீட்டர் தானாகத் திரும்பி வருகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பணம் இல்லை என்பது சில இடங்களில் உண்மை, எனக்குத் தெரியும். ஏற்கெனவே வெறும் மைக்ரோஸ்கோப்பாக வாங்கிவிட்ட கூடங்களுக்கு, ஸ்டேஜின் மேல் பொருத்தும் சின்ன இன்குபேட்டர் போதுமான தொடக்கம். முழுக் கூண்டைவிட மலிவு, சீக்கிரம் சூடேறும், ஆனால் ஏ.சி. காற்று பட்டால் தடுமாறும். 2025 ஜூனில் ஒன்றிய நிதியமைச்சகம் ஆய்வுக்கான கொள்முதல் விதிகளைத் தளர்த்தி, கொள்முதல் குழு வழியாக நேரடியாக வாங்கும் வரம்பை 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. அந்த விதி பொருந்தும் நிறுவனங்கள் ஒரு ஸ்டேஜ் இன்குபேட்டருக்காகப் பெரிய டெண்டர் நடைமுறைக்குள் போகத் தேவையில்லை.

அப்புறம், ஒரு எச்சரிக்கை அமைப்பு. சூடு இறங்கினாலோ வாயு தீர்ந்தாலோ போனுக்குச் செய்தி அனுப்பும் சின்னப் பெட்டி. இதை நான் பணத்துக்காக மட்டும் கேட்கவில்லை. இன்று அது இல்லாததால், நள்ளிரவில் ஹாஸ்டலிலிருந்து ஒரு மாணவி தனியாக நடந்து வந்து, கன்ட்ரோலரில் 37 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். மூன்று மணிக்கு மறுபடி வருகிறார். வளாகத்தின் பாதி விளக்குகள் எரிவதில்லை. அவருடைய தூக்கத்தையும் பாதுகாப்பையும் கொடுத்துத்தான் நாம் வெட்டிய அந்த வரியைச் சமன் செய்துகொண்டிருக்கிறோம்.

நான் முதலில் சொன்ன மாணவி ஏழு வாரம் மறுபடி செல்களை வளர்த்தார். நாங்கள் ஹீட்டரை யு.பி.எஸ்.ஸுக்கு மாற்றினோம், லென்ஸ் ஹீட்டரைப் பக்கத்து ஊர்க் கூடம் ஒன்றில் கடன் வாங்கினோம். குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நின்று, சட்டென்று இரு பக்கமும் விலகிய அந்தப் படம் கிடைத்த காலையில் இருவரும் அதை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தோம் என்று கணக்கில்லை. கடன் வாங்கிய ஹீட்டரை அடுத்த வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

உங்கள் குழுவிலிருந்து யாராவது ஒருவர் ஒரு மாலை ஏதாவது ஒரு நுண்ணோக்கி மையத்துக்குப் போய் உட்காருங்கள், என்னுடையதாக இருந்தாலும் சரி. டிஷ்ஷுக்குள் தெர்மோகப்பிளைப் போட்டு, கன்ட்ரோலர் காட்டும் எண்ணையும் அது காட்டும் எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். அந்தத் தாளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோய், கொட்டேஷனின் கடைசிப் பக்கத்துக்கு மேலே வைத்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

அன்புடன்,
நுண்ணோக்கி மையப் பொறுப்பாளர் ஒருவர்,
சென்னை